நிலாவெளியில் முழங்கால் ஆழக் கடல்

மே 10, சனி: நிலாவெளி

கச்சான் காற்றைப் பற்றிப் படித்திருக்கிறேன், உடம்பில் பட்டது இன்றுதான். மதியம் இரண்டு மணிக்கு, இலங்கையின் கிழக்குக் கரையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலாவெளியில் பேருந்தை விட்டு இறங்கியபோது மேற்கிலிருந்து அடித்த காற்றில் துளி ஈரம் இல்லை. கண்ணும் உதடும் காய்ந்துபோயின. கடலோ நூறு அடி தள்ளி நீலமாகக் கிடக்கிறது. இந்தப் பக்கத்துக் கடல் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரைதான் தெளிந்திருக்கும். ஆண்டுக் கடைசியில் வாடைக்காற்று தொடங்கினால் அலை பெருகி, மண் கலங்கி, தண்ணீருக்குள் எதுவும் தெரியாது. அதனால் வெயிலைச் சகித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

அம்மாவுக்கு 67 வயது. திருகோணமலைச் சிவன் கோயிலான கோணேஸ்வரம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்கு, பவளப்பாறைகள் சூழ்ந்த புறாத்தீவு. நீச்சல் தெரியாத அம்மா கரையில் மர நிழலில் உட்கார்ந்திருப்பார், நான் பவளப்பாறை பார்ப்பேன் என்பதுதான் வரும்போது இருந்த திட்டம்.

நாங்கள் வந்ததும் வராததுமாகத் தங்கிய வீட்டு அக்கா ஆளுக்கொரு செவ்விளநீரை வெட்டிக் கொடுத்தார். கோணேசரைக் கும்பிடும் வரை மீன் தொட மாட்டேன் என்று அம்மா சொன்னதும், "அதுக்கென்னம்மா, அதுவரைக்கும் மரக்கறியே சமைப்பம்" என்று முடித்துவிட்டார். இரவுக்கு இடியப்பம், மஞ்சள் சொதி, தேங்காய்ச் சம்பல். ஆளுக்கு 600 ரூபாய், நம் இந்தியக் காசில் 170 வரும். சம்பலின் காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது; அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

சாயங்காலம் படகுக்காரர் வந்து பேசிவிட்டுப் போனார். ஐம்பது வயதிருக்கும். விடியற்காலையே கிளம்ப வேண்டும், பத்து மணிக்கு மேல் காற்று எழும்பிவிடும் என்றார். போகும்போது அம்மாவைப் பார்த்து, "அம்மாவும் தண்ணிக்குள்ள இறங்கலாம், ஆழமே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா பதில் சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு: புறாத்தீவு

வெளிநாட்டவருக்கான நுழைவுச்சீட்டு உள்ளூர்க்காரர்களுடையதைப் போலப் பல மடங்கு. அது போக படகுக்கு 4000 ரூபாய், முகமூடியும் மூச்சுவிடும் குழாயும் ஆளுக்கு 1000. கூட்டிப் பார்த்ததும் அம்மாவின் முகம் சுருங்கியது. காவலர்கள் பையைத் திறந்து பொலித்தீன் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தச் சோதனை எனக்குப் பிடித்திருந்தது.

கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். படகு வேகம் பிடிக்குமுன் தீவு வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் புறாமலை என்கிறார்கள். பாறைப் பொந்துகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்கு இந்தத் தீவைக் குறியாக வைத்துச் சுட்டிருக்கிறார்கள். 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசியப் பூங்கா.

கரையில் கால் வைத்ததும் உள்ளங்காலில் குத்தியது. மணலோடு மணலாக விரல் நீளத்தில் உடைந்த பவளத் துண்டுகள், நடக்க நடக்கக் கலகலவென்று சத்தம். ஒன்றைக்கூட எடுத்துப்போகக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு வாடகைக்குக் கொடுத்த முகமூடியின் ரப்பர் விளிம்பு இறுகிப்போயிருந்தது. தலையைத் தண்ணீரில் வைத்த மறு நொடி மூக்குக்குள் உப்பு. முடியை ஒதுக்கிப் பார்த்தேன், வாரை இறுக்கிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. படகுக்காரர் தன் முகமூடியைக் கழற்றிக் கொடுத்து, வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சிப் பார்க்கச் சொன்னார். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது நம் முகத்துக்கான முகமூடி. கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவினால் ஆவி படியாது. வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே உறிஞ்சிப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் தலையைக் கவிழ்த்தேன்.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இடுப்பளவு தண்ணீரிலேயே தொடங்கிவிடுகிறது. மான்கொம்புப் பவளங்கள் பழுப்பும் வெளிர்நீலமுமாகக் கிளைவிட்டு நிற்கின்றன, நுனிகள் மட்டும் வெளிறிய ஊதா. வெயில் அலையில் உடைந்து வலை வலையாக அவற்றின் மேல் ஓடுகிறது. முதலில் வந்தவை மஞ்சள் முதுகும் கறுப்புப் பட்டைகளும் உள்ள சின்ன மீன்கள். முகமூடிக்கு நேரே வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் விலகின. வண்ணாத்தி மீன்கள் பெரும்பாலும் இணை பிரியாமல் திரிந்தன. ஒன்று பாறை இடுக்கில் மூக்கை நுழைத்தால் மற்றது வெளியே காத்திருக்கிறது. உடம்பெல்லாம் வெளிர்நீலம், முதுகுத் துடுப்பு மட்டும் மஞ்சள் என்று ஒரு கூட்டம் என் கைக்குக் கீழே கடந்துபோனது. பொந்திலிருந்து பாம்பு போல நீண்ட அஞ்சாளை மீன் ஒன்று தலையை மட்டும் நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. பார்க்க மிரட்டுவது போல இருந்தாலும் அது மூச்சு விடும் விதம் அதுதான்.

ஓர் இடத்தில் பெரிய களவா மீன் ஆடாமல் நின்றது. நீலக்கோடு போட்ட விரல் நீளக் குட்டிமீன் அதன் செவுளுக்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. மென்று விழுங்கிவிடக்கூடிய இரையைக் களவா வாய்க்குள்ளேயே விட்டுவைத்திருக்கிறது. எவ்வளவு நேரம் அங்கேயே மிதந்தேன் என்று தெரியவில்லை.

கரைக்கு வந்தபோது அம்மா சேலையை மாற்றிச் சுடிதாரில் நின்றிருந்தார், மேலே லைஃப் ஜாக்கெட். படகுக்காரர் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டார்.

பவளம் இல்லாத மணல் திட்டாகப் பார்த்து அவரைக் கூட்டிப்போனார். மிதவை வளையத்தின் விளிம்பை அம்மா பிடித்துக்கொள்ள, அவர் மறுபக்கம் பிடித்தார். "காலை நீட்டி விடுங்கோம்மா, தண்ணி தூக்கும். நான் பிடிச்சிருக்கிறன், பயப்பிடாதேங்கோ. முருகைக்கல்லுக்கு மேல போனாப் பிறகு மட்டும் காலைக் கீழ வைக்காதேங்கோ, அது உயிருள்ள சாமான்." முருகைக்கல் என்று அவர் சொன்னது பவளப்பாறையை. முதல் முறை குழாயில் தண்ணீர் ஏறி அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. போதும் என்பார் என்று நினைத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி முகத்தை வைத்தார். மூன்று மூச்சு, நான்கு மூச்சு. தோள்கள் இறங்கின. கால்கள் தானாக மேலே வந்தன.

பிறகு அரைமணி நேரம் தலையைத் தூக்கவே இல்லை. படகுக்காரர் வளையத்தை மெல்ல இழுத்துக்கொண்டே போனார், நான் பக்கத்தில் போனேன். எழுந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அது என்ன, கறுக் கறுக்கென்று அரைக்கிற சத்தம்?"

கிளிமீன். பச்சையும் இளஞ்சிவப்புமாக முழங்கை நீளத்தில் இருந்தது. கிளியின் அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டி அதன் மேல் படரும் பாசியைத் தின்கிறது. கூடவே உள்ளே போன சுண்ணாம்பைத் தொண்டைப் பற்களால் அரைத்து மணலாகக் கழிக்கிறது. இந்தக் கரையின் வெள்ளை மணலில் ஒரு பங்கு அதன் வயிற்று வழியாக வந்தது. அதைச் சொன்னதும் அம்மா ஒரு கைப்பிடி மணலை அள்ளி வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

மே 12, திங்கள்: வெசாக்

புத்தர் பிறந்த நாளாகக் கொண்டாடும் வெசாக் பௌர்ணமி. தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக வந்து இறங்கியிருந்தார்கள். படகுத்துறையில் வரிசை நின்று தீவை அடையவே ஒன்பதரை ஆகிவிட்டது. பௌர்ணமி வற்றில் கடல் மேலும் இறங்கியிருக்க, நேற்று இடுப்பளவு இருந்த இடத்தில் இன்று முழங்கால். சில கிளைகளின் நுனிகள் தண்ணீருக்கு மேலேயே தெரிந்தன.

அதன் மேல் மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

நிறைய பேர். ரப்பர் செருப்புப் போட்டு, கைகோத்து, படம் எடுத்துக்கொண்டு. ஒருவர் தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு பவளத் திட்டின் உச்சியில் நின்றார். ஒவ்வோர் அடிக்கும் கால் கீழே ஏதோ முறியும் சத்தம் மேலே வரை கேட்டது. காவலர் கரையிலிருந்து விசில் ஊதிக்கொண்டே இருந்தார். யாருக்காக ஊதுகிறார் என்று தண்ணீரில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

கல்லாகத் தெரிவதில் உயிர் இருப்பது மேல் தோலில் மட்டும்தான். மிக மெல்லிய தோல். அதில் ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் வாய் திறந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் வெயிலில் உணவு சமைத்து அவற்றுக்குப் பெரும்பங்கு கொடுக்கிறது. அதற்கு வெளிச்சம் வேண்டும், அதனால்தான் பாறை இவ்வளவு மேலே வளர்கிறது. நீச்சல் தெரியாத என் அம்மாவால் அதைப் பார்க்க முடிந்ததும், இத்தனை கால்கள் அதன் மேல் ஏற முடிவதும் அந்த ஒரே காரணத்தால். கிளைப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வளரலாம். உருண்டைத் திட்டாக வளரும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான். அந்த மனிதர் நின்றது அப்படியொரு திட்டின் மேல். அவர் இடுப்புயரம் இருந்தது. அவருடைய தாத்தா பிறக்கும் முன்பே அது தொடங்கியிருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் தொண்டை வரை வந்தது. கத்தியிருப்பேன், சிங்களம் தெரியாது. அம்மா அதற்குள் வளையத்தோடு மிதந்து அவர் பக்கத்தில் போயிருந்தார், படகுக்காரர் பின்னால். அம்மா தன் முகமூடியைக் கழற்றித் தோளிலிருந்த பெண்பிள்ளையிடம் நீட்டினார். அப்பாவின் காலைக் காட்டி, வேண்டாம் என்று கையசைத்து, தண்ணீரைக் காட்டி, கண்ணைக் காட்டினார். பிள்ளை முகமூடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தது. எட்டு வயதிருக்கும். நிமிர்ந்து அப்பாவிடம் படபடவென்று ஏதோ சொன்னது. அவர் கீழே பார்த்தார். படகுக்காரர் சிங்களத்தில் விளக்கி, வளையத்தை அவரிடம் தள்ளினார். அவர் உடம்பைத் தண்ணீரில் சாய்த்து, காலை உயர்த்தி, மணல் பக்கம் நகர்ந்தார். கரைக்கு வந்ததும் அம்மாவைத் தேடி வந்து கைகூப்பிவிட்டு ஒரு டப்பா பாற்சோறு கொடுத்துவிட்டுப் போனார்கள். மோசமான மனிதர்கள் இல்லை அவர்கள். சீட்டு விற்ற இடத்தில் ஒருவரும் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் பேசினால் போதும் என்று உறுதியாக நம்புகிறேன். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று மிதவைகளும் கயிறும் கட்டலாம். விடுமுறை நாட்களில் படகுகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். நீந்தத் தெரியாதவர்களுக்கெல்லாம் ஒரு வளையம் கொடுக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

இரவு திருகோணமலைக்குப் போனோம். தெருவெல்லாம் காகித விளக்குகள். தன்சல் என்னும் அன்னதானப் பந்தல்களில் இளைஞர்கள் கொடி பிடித்து வண்டிகளை மறித்து, அவித்த கடலையும் குளிர்ந்த சர்பத்தும் கையில் திணித்தார்கள். காசு எடுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆட்டோ ஓட்டுநர் வழிநெடுக இறங்கி இறங்கிக் குடித்தார்.

மே 13, செவ்வாய்: கோணேஸ்வரம், கன்னியா

விடியும்போதே காற்று. படகு எடுக்க முடியாது என்று செய்தி வந்தது. என் பின்னங்கால்கள் வேறு வெயிலில் வெந்து சிவந்திருந்தன. மிதக்கும்போது முதுகும் பின்னங்காலும்தான் மேலே இருக்கின்றன என்பதால் நீளக்கை, நீளக்கால் உடுப்பு வேண்டும். வெயிலுக்குப் பூசும் களிம்பை விடத் துணியே நல்லது. சில களிம்புகளில் உள்ள ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் பவளக் குஞ்சுகளைப் பாதிக்கிறது என்று பலாவ் நாடு 2020லேயே அவற்றைத் தடை செய்துவிட்டது.

கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் ஆட்களைச் சட்டைசெய்யாமல் நிழலில் படுத்திருந்தன. கோணேஸ்வரத்தில் அம்மா சம்பந்தர் பதிகத்தை மனப்பாடமாக முழுவதும் பாடினார். பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் கூடச் சேர்ந்துகொண்டார். பாடி முடித்து இருவரும் பேசிக்கொள்ளாமல் வணங்கிப் பிரிந்தார்கள்.

பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இந்தப் பாறையின் அடியில் மூழ்கியபோது அதன் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலுக்குள் கிடந்தன. இதைச் சொன்னதும், அந்தத் தூண்களிலும் இப்போது முருகை வளர்ந்திருக்குமா என்று அம்மா கேட்டார். கடினமான பரப்பும் வெளிச்சமும் கிடைத்தால் பவளக் குஞ்சு எதிலும் ஒட்டிக்கொள்ளும்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டதில் என் கால் எரிச்சல்தான் கூடியது. விரதம் முடிந்தது என்று இரவு அக்கா கணவாய்ப் பிரட்டல் வைத்தார். இந்தப் பயணத்தின் மிக நல்ல சாப்பாடு அதுதான்.

மே 14, புதன்: சுறாப் பக்கம்

காற்று தணிந்திருந்தது. கிளம்பும் நாள் என்பதால் முதல் படகில் போய்விட்டோம். தீவில் எங்களைத் தவிர ஒரு ஜெர்மன் தம்பதி மட்டும்.

சின்னப் பாதை வழியாகத் தீவின் மறுபக்கம் போனால் சுறாக்கள் வரும் இடம். துடுப்பு நுனியில் கறுப்பு மை தொட்ட பாறைச் சுறா. பெரிதானால் ஒன்றரை மீட்டர் வளரும். ஆளைக் கண்டால் விலகும் சுபாவம். துரத்தாமல் அசையாமல் கிடக்கச் சொன்னார் படகுக்காரர். கிடந்தேன். நீரின் மங்கலான ஓரத்தில் ஒரு நிழல் வளைந்து வந்தது, பின்னால் இன்னொன்று. உடம்பு முழுவதையும் ஆட்டாமல் வாலை மட்டும் அசைத்து, என்னைச் சுற்றி ஓர் அரைவட்டம் போட்டுவிட்டுப் போயின. பயம் வரவில்லை. நெஞ்சு மட்டும் காதுக்குள் அடித்தது.

திரும்பும் வழியில் பவளப் பக்கத்தில் மறுபடி இறங்கினோம். கூட்டம் இல்லாத கண்ணுக்கு வேறொன்றும் தெரிந்தது. சில கிளைகள் முழுக்க வெள்ளை. வழக்கமான கோடை வெப்பத்தை விட ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் போதும், பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். பாசி போனால் நிறமும் போகும், உணவும் போகும். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 1998இல் இந்தியப் பெருங்கடலின் பல பகுதிகளில் அப்படி நிறைய செத்தது, தெற்கே ஹிக்கடுவை உட்பட. ஏற்கெனவே சூட்டில் தவிக்கும் ஒன்றின் மேல்தான் நேற்று முன்தினம் அத்தனை பேர் ஏறி நின்றார்கள் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது.

அம்மா இன்று வளையத்தை ஒரு கையால் மட்டும் பிடித்திருந்தார். பூவைப் போலத் தெரியும் கடல் உயிரான கடல் சாமந்தியின் விரல்களுக்குள் புகுந்து புகுந்து வரும் செம்மஞ்சள் மீன்களைக் கண்டுபிடித்து என் தோளைத் தட்டிக் காட்டியவர் அவர்தான். அந்தக் குடும்பத்தில் பெரியது பெண், அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிக்கொள்ளும் என்று படகில் சொன்னேன். படகுக்காரருக்கு அது புதுச் செய்தி. 2004 சுனாமியில் படகையும் வலையையும் இழந்தவர், கடலைப் பற்றி நான் ஒன்று சொல்லி அவர் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பத்து மணிக்குச் சந்தைக்குப் போனோம். வீட்டுக்கார அக்காவுக்கு மீன் வாங்கிக் கொடுக்க அம்மா ஆசைப்பட்டார். ஒரு பலகையில் கிளிமீன்கள் அடுக்கி வைத்திருந்தார்கள், நிறம் பாதி மங்கியிருந்தது.

"நல்ல மீன் அம்மா, விடியப் பிடிச்சது."

"இது கல்லைக் கடிக்கிற மீன்தானே?"

"ஓமம்மா, அதேதான்."

"அப்படின்னா வேண்டாம் தம்பி. அது அங்கே பாசியைத் தின்னட்டும்."

கிளிமீன் குறைந்த இடத்தில் பாசி பவளத்தை மூடிவிடும் என்று நான்தான் முந்தாநாள் இரவு சொல்லியிருந்தேன். வியாபாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் ஆழ்கடல் மீன் எடுங்கள் என்று அடுத்த பலகையைக் காட்டினார். சூரை, கிலோ 1200 ரூபாய். ஒன்றரைக் கிலோ நிறுத்து வாங்கினோம். அக்கா பாதியைப் புளி போட்டுக் குழம்பு வைத்தார், மீதியைப் பொரித்து வழிக்குக் கட்டிக் கொடுத்தார்.